அம்மாவோட 11 காட்டன் புடவை, ரெண்டு பசங்க, பங்குனி வெயில்... எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

முல்லைக்கொடி (ஈரோடு பக்கம்)

எல்லாருக்கும் வணக்கங்க. இத்தன நாளா படிச்சிட்டு மட்டும் போயிருவேன், இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதறேன், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கோங்க.

எங்கம்மா போன மாசம் ஊர் வீட்டைப் பூட்டிட்டு எங்ககூடவே வந்துட்டாங்க. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் புடவை கட்டிட்டு நடக்கச் சிரமமா இருக்குன்னு இப்பெல்லாம் நைட்டிதான். வரும்போது ஒரு டிரங்குப் பெட்டியும் கூட வந்துச்சு, தொறந்தா உள்ள பூராவும் காட்டன் புடவைங்க, எண்ணிப் பாத்தேன், 11 இருக்கு. ரெண்டு சுங்குடி, ஒரு செட்டிநாட்டுக் கண்டாங்கி, மிச்சமெல்லாம் கோ-ஆப்டெக்ஸ்ல தீபாவளித் தள்ளுபடியில எடுத்தது. துவைச்சுத் துவைச்சு எல்லாமே வெண்ணெ மாதிரி ஆயிருச்சு, கன்னத்துல வெச்சா எடுக்கவே மனசு வரல. "எனக்கு இனி எதுக்கு, நீ பாத்து எதாச்சும் பண்ணிக்கோ கண்ணு"ன்னு அம்மா சாதாரணமா சொல்லிட்டாங்க.

அதுல அரக்கு கலர் சுங்குடி ஒன்னு இருக்கு பாருங்க, அதுதான் எம் பையனுக்குத் தூளி. ஒன்றரை வயசு வரைக்கும் அதுலதான் தூங்குனான். கொக்கியில முடிச்சுப் போட்ட இடத்துல துணி முறுக்கி முறுக்கி, கலர் வெளுத்து ஒரு ஜான் நீளத்துக்கு வெள்ளையா ஒரு கோடு விழுந்திருக்கு, இஸ்திரி போட்டாலும் போகல. அவனுக்கு இப்ப அஞ்சு வயசு, அந்தக் கோட்டை வெரல்ல தடவிட்டே "இது என்னோடதா"ன்னு கேக்கறான். மூத்தவ ஒம்போது வயசு, "அம்முச்சி புடவையில எனக்குப் போர்வை தைச்சுக் குடு"ன்னு ஒத்தக்கால்ல நிக்கறா.

எனக்கும் ஆசைதாங்க. ஒட்டுத்துணி வெச்சு கில்ட் தைக்கிற வீடியோ பாத்துப் பாத்து ராத்திரி 12 மணி ஆயிருது. ஆனா கத்திரியைக் கையில எடுத்தா வெட்ட மனசு வர மாட்டேங்குது. வெட்டாம தைக்க முடியுமா? எத்தன மடிப்பு வெக்கணும், உள்ள பஞ்சு வேணுமா, எங்கிட்ட பழைய கால் மெஷின் ஒன்னு இருக்கு, அதுல ஓடுமா இல்ல கையிலதான் தைக்கணுமா?

இன்னொன்னும் சேத்தே கேட்டுடறேன். ஏப்ரல்ல பசங்களுக்கு லீவு விட்டுருவாங்க, செல்போனைக் குடுக்காம வெச்சிருக்கணும்னா அதுங்க கைக்கு வேலை வேணும். மாடியில 10 குரோ பேக் சும்மா கெடக்குது, கொல்லையில ஒரு வேப்பமரம் இப்பத்தான் பூ எடுத்திருக்கு, மல்லி ரெண்டு செடி. இந்த வெயில்ல பசங்க கையால போட்டு சீக்கிரம் மொளைக்கிற மாதிரி என்ன போடலாம்? அதுங்களுக்குப் பத்து நாள் தாண்டினா ஆர்வம் போயிரும், அதனாலதான் கேக்கறேன்.

---

நூல்கண்டு (ஹூப்ளி)

முல்லை, உங்க பதிவைப் பாத்ததும் அடுப்பை சிம்ல வெச்சுட்டு வந்து எழுதறேன். எனக்குக் கல்யாணமாகி ஹூப்ளி வந்து 19 வருஷம் ஆச்சு. இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு கவுதின்னு ஒன்னு தைப்பாங்க, பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் (ஊசியை மேலயும் கீழயும் விட்டு நேரா ஓட்டிட்டுப் போற தையல்) போட்டுத் தைக்கிற போர்வைதான். எதிர்வீட்டு அஜ்ஜி எனக்கு முத தையல் சொல்லிக் குடுத்தாங்க, அதுக்கப்புறம் இதுவரைக்கும் 14 தைச்சிருக்கேன்.

மொதல்ல உங்க பெரிய கவலைக்கு வர்றேன். வெட்டவே வேண்டாம். புடவை அஞ்சரை மீட்டர் இருக்குமில்ல, அதை நீளவாக்குல மூணா மடிங்க. ஆறடி நீளம், ஒன்னேகால் கஜம் அகலம், அதாவது 45 இன்ச், மூணு மடிப்பு. ஒரு புடவை ஒரு பிள்ளைக்கு ஒரு போர்வை, கத்திரியே தேவையில்ல. தூளிப் புடவையை இப்படியே பண்ணுங்க, மடிக்கும்போது அந்த வெள்ளைக் கோடு மேல்பக்கம் வர்ற மாதிரி பாத்து மடிச்சுட்டா அது அப்படியே போர்வையில இருக்கும், எங்கயும் போகாது. கொஞ்சம் கனம் வேணும்னா நைஞ்சு போன வேற புடவை ஒன்னை நடுவுல வெச்சுடுங்க. நம்ம ஊர் வெயிலுக்குப் பஞ்சு வேண்டவே வேண்டாம், மூணு நாலு மடிப்பு போதும், மார்கழிக்கும் தாங்கும், ஃபேன் காத்துக்கும் ஆகும்.

தைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு புடவையையும் ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. உடம்புப் பகுதியில, முக்கியமா கொசுவம் வர்ற இடத்துலயும் உக்கார்ற இடத்துலயும் நூல் விட்டுப்போயி கண்ணாடி மாதிரி தெரியும். அந்தப் பாகம் உள்ள போகட்டும். முந்தி எப்பவும் தெம்பா இருக்கும், அதிகம் தேயாது, அதனால அது மேல வரணும்.

அப்புறம் தரையில விரிக்கிறது. இதுல அவசரப்பட்டா மொத்தமும் கெட்டுப் போயிரும், அதனால இதுக்குன்னு ஒரு காலை நேரத்தை ஒதுக்குங்க. ஹாலைக் கூட்டித் தொடச்சு, அடி மடிப்பை விரிச்சு நாலு மூலைக்கும் கனமா எதாச்சும் வெச்சு (நான் ரெண்டு பக்கம் அரிசி டப்பா, ரெண்டு பக்கம் குழவிக்கல்லு), நடுவுலேர்ந்து வெளிய தடவித் தடவி சுருக்கம் எடுத்து, மேல அடுத்தது. இந்தத் தடவுற வேலையைப் பசங்ககிட்ட குடுங்க, அவங்க சின்னக் கைக்கு அது அழகா வரும். அப்புறம் பெரிய பெரிய கச்சாத் தையல் (கடைசியில பிரிச்சுடுற தையல்தான்), ஒரு சாண் இடைவெளியில குறுக்கும் நெடுக்கும். ஊக்கு குத்தினாலும் சரிதான், ஆனா சின்னவன் தூக்கத்துல உருளுவான்னா ஒன்னுகூட விட்டுப் போகாம எண்ணிக் குத்துங்க, எண்ணி எடுங்க.

கால் மெஷின்ல மூணு மடிப்பு மெல்லிசு காட்டன் நல்லாவே ஓடும். 16ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலைப் பெருசா வெச்சுக்கோங்க. ஓரம் மடிச்சு அடிக்கிறதை மட்டும் மெஷின்ல முடிச்சுட்டு உடம்புக்குக் கைத்தையல் போடுங்கன்னுதான் நான் சொல்லுவேன். மெஷின்ல அடிச்ச போர்வை பலகை மாதிரி வெறைப்பா நிக்கும். கையால போட்டா துணி தையலுக்கு நடுவுல லேசா பூரிச்சு நிக்கும், அந்தச் சுருக்கந்தான் இதோட அழகு. ஒரு இன்ச் இடைவெளின்னு வெச்சா 45 வரிசை, ஒவ்வொன்னும் ஆறடி. எம்பிராய்டரி நூல்ல ஆறு இழை இருக்கும், மூணு மூணு இழையா பிரிச்சுக்கோங்க, மொத்தம் 90 மீட்டர் கிட்டப் பிடிக்கும். மெழுகுவத்தியில ஒரு இழுப்பு இழுத்துட்டா சிக்காது.

தினம் ஒரு மணி நேரம், ரெண்டு வரிசை. பாப்பாவுக்கும் ஒரு வரிசை குடுங்க. அவ தையல் கோணல் மாணலா போகும், தயவுசெஞ்சு பிரிச்சுராதீங்க. எங்க வீட்ல என் பொண்ணு ஏழு வயசுல போட்ட வரிசை இன்னும் இருக்கு, இப்ப அவ காலேஜ் ஹாஸ்டலுக்கு அந்தப் போர்வையைத்தான் எடுத்துட்டுப் போயிருக்கா.

---

சாயக்காரன் (சின்னாளப்பட்டி)

சகோதரி, தையலைப் பத்தி எனக்குத் தெரியாது, எங்க குடும்பம் மூணு தலைமுறையா சாய வேலை. சுங்குடின்னு சொன்னதால ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன்.

கையால முடிச்சுப் போட்ட சுங்குடின்னா ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு தினுசா இருக்கும், அச்சுல அடிச்சதுன்னா எல்லாம் ஒரே அளவு. உங்களோடது முடிச்சுப் போட்டதா இருந்தா நல்லாப் பாத்து வெச்சுக்கோங்க, மதுரைச் சுங்குடிக்கு 2005ல புவிசார் குறியீடு கிடைச்சும் உக்காந்து முடிச்சுப் போடுற கை இப்ப ரொம்பக் கம்மி. நக அளவு புள்ளிக்குத் துணியைக் கிள்ளி நூல் சுத்தி, ஒரு புடவைக்கே ஆயிரக்கணக்குல போடணும்.

அரக்கு, கரும்பச்சை, நீலம் எல்லாம் எத்தன வருஷம் ஆனாலும் கொஞ்சம் சாயம் விடும். கல்லுப்பு போட்டு ஊற வெச்சா நின்னுரும்னு எல்லாரும் சொல்லுவாங்க, உப்பு சாயம் ஏத்தும்போது வேலை செய்யும், ஏற்கெனவே ஒட்டாம நிக்கிற சாயத்தை அது பிடிச்சு வெக்காது. அதனால ஒவ்வொரு புடவையையும் தனித்தனியா பச்சைத் தண்ணியில ஊற வெச்சு அலசிட்டே இருங்க, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும், நாலு தடவை ஆனாலும் ஆகட்டும். கடைசியா ஈரத் துணி மேல வெள்ளைக் கைக்குட்டையை வெச்சு அழுத்திப் பாருங்க, கலர் ஏறலேன்னா தைக்கலாம். நிழல்ல காய வைங்க. சிவப்புத் தையல் நூலுக்கும் இதே சோதனையைப் பண்ணிருங்க, நூல்தான் பல பேரை ஏமாத்தும்.

---

மொட்டைமாடி (மதுரை)

தங்கச்சி, தோட்டத்துக்கு நான் சொல்றேன். பத்து வருஷமா மாடியில போடுறேன், பங்குனி சித்திரையில கைசுட்ட அனுபவமும் நெறைய.

பத்து நாளுக்குள்ள பசங்க கண்ணுக்குத் தெரியணும்னா கீரைதான். சிறுகீரை, தண்டுக்கீரை, வெந்தயம் மூணையும் போடுங்க. சிறுகீரை மூணு நாலு நாள்ல பச்சையா தலை காட்டும், 20-25 நாள்ல புடுங்கிரலாம். விதை கடுகை விடச் சின்னது, பசங்க கையால போட்டா ஒரே இடத்துல கொட்டிரும், அதனால ஒரு பங்கு விதைக்கு நாலு பங்கு மணல் கலந்து பொடி தூவுற மாதிரி தூவச் சொல்லுங்க. மேல ரொம்ப மண்ணு போடக்கூடாது, லேசா ஒரு பூச்சு. எறும்பு தூக்கிட்டுப் போகும், அதுக்கு பக்கத்துலயே ஒரு பிடி நொய்யரிசியைப் போட்டு வெச்சுட்டா அதுக அதைத் தூக்கிட்டு விதையை விட்டுரும். எம் பேரன் அந்த எறும்பு வரிசையைப் பாத்துக்கிட்டே ஒரு மத்தியானம் பூரா உக்காந்திருந்தான், பாடம் ஒன்னும் தனியா எடுக்கலை.

அடுத்தது வெண்டை. ராத்திரி ஊற வெச்சு காலையில ஒரு பேகுக்கு ரெண்டு விதை, வெரல் நுனி ஆழம். அஞ்சாறு நாள்ல மொளைக்கும், 45 நாள் சுமாருக்கு முத காய். காய்க்கு முந்தி ஒரு பூ பூக்கும் பாருங்க, வெளுத்த மஞ்சள்ல நடுவுல கருஞ்சிவப்புக் கண்ணு, காலையில விரிஞ்சு சாயங்காலம் சுருங்கிரும், பிள்ளைகளை வெரசா எழுப்பிக் கூட்டிட்டுப் போயிக் காட்டுங்க.

வெயிலைப் பத்தி. பேகை நேரா தளத்துல வெக்காதீங்க, மத்தியானம் தளம் தோசைக்கல்லு மாதிரி கொதிக்கும், வேர் வெந்துரும், ரெண்டு செங்கல்லை வெச்சுத் தூக்கி வைங்க. தண்ணி காலையில ஏழு மணிக்குள்ள ஒருதடவை, பொழுது சாஞ்சு ஒருதடவை. ஷேட் நெட் வாங்கணும்னு அவசியமில்லை, அந்த நைஞ்ச புடவைல ஒன்னை நாலு கம்பு நட்டுக் கட்டிருங்க, மெல்லிசு காட்டன் பாதி வெயிலை வடிகட்டி விடும். நம்ம பக்கம் கடலைக் காட்டைச் சுத்தி பன்னி வராம இருக்க கலர் கலரா புடவை கட்டியிருப்பாங்கல்ல, அதே புடவை மாடியில இளநாத்துக்குக் குடை.

தைச்சு மீந்த துண்டுகளையும் தூரப் போடாதீங்க. ரெண்டு வெரக்கடை அகலத்துல நீளமா கிழிச்சு வெச்சா கொடி கட்ட அதைவிட நல்லது கிடையாது, பிளாஸ்டிக் கயிறு தண்டை அறுத்துரும், பழைய காட்டன் அறுக்காது. ஊருக்குப் போற நாள்ல ஒரு வாளித் தண்ணியை உசரத்துல வெச்சு, துணி நாடாவோட ஒரு முனை தண்ணிக்குள்ள, இன்னொரு முனை மண்ணுக்குள்ள புதைச்சுட்டா ரெண்டு மூணு நாள் செடி தாங்கிக்கும். பொடித் துண்டுகளை மண்ணுக்கு மேல மூடாக்கா போட்டுருங்க, சுத்தமான காட்டன் மட்டும், ஜரிகையும் பாலியெஸ்டரும் கலந்தா மக்காது.

மல்லி இப்பதான் சீசன் ஆரம்பம், இப்பப் போயி கிளை வெட்டிராதீங்க, வெட்டுறதெல்லாம் கார்த்திகையில. ஒரு பிடி கடலைப் புண்ணாக்கை ஊற வெச்ச தண்ணியை பத்து மடங்கு கலக்கி ஊத்துங்க, போதும்.

வேப்பம்பூவை விட்டுராதீங்க தங்கச்சி. ராத்திரியே மரத்தடியைக் கூட்டி பழைய வெள்ளைப் புடவை ஒன்னை விரிச்சு வெச்சுருங்க, விடிகாலையில போயிப் பாத்தா நட்சத்திரம் கொட்டுன மாதிரி கெடக்கும். பசங்களை விட்டு நாலு மூலையைப் பிடிச்சு நடுவுக்குக் கொண்டு வரச் சொல்லுங்க. காம்பு, இலை புடைச்சு எடுத்துட்டு நாலு நாள் காய வெச்சா வருஷம் பூரா ரசத்துக்கு ஆகும். சித்திரை ஒன்னுக்கு மாங்காயும் வெல்லமும் போட்டுப் பச்சடிக்குப் புதுப் பூவாவே கெடைக்கும். கூட்டுறது புடவை, பொறுக்குறது பசங்க, வறுக்குறது உங்கம்மா, மூணு தலைமுறைக்கும் வேலை ஆச்சு.

---

பனிப்பூ (ஸ்காபரோ, கனடா)

உங்கட அம்மாவின்ர சீலையளைப் பற்றி வாசிச்சோண்ண எனக்கு எங்கட அம்மம்மாவின்ர நினைவுதான் வந்தது. நான் யாழ்ப்பாணம், இஞ்ச வந்து 22 வருசமாச்சு. நாங்கள் தூளியை ஏணை எண்டு சொல்லுறனாங்கள். என்னை ஆட்டின ஏணைச் சீலை இடம்பெயர்ந்த நேரம் எங்கயோ போட்டுது, அதாலதான் சொல்லுறன், உங்கட மகனுக்கு அதைப் போர்வையாய்த் தைச்சுக் குடுங்கோ, பெட்டிக்குள்ள திருப்பி வைக்காதேங்கோ.

இஞ்ச இப்பத்தான் ஸ்னோ கரையுது. மதிலோரம் வெய்யில் படுற இடத்தில மட்டும் ஊதா நிறத்தில குரோக்கஸ் மண்ணைக் கிழிச்சுக்கொண்டு வந்திட்டுது, டியூலிப் இலை மூக்கை நீட்டுது. ஆறு மாசம் சாம்பல் நிறத்தைப் பாத்த கண்ணுக்கு அந்த ஒரு பூ போதும். சின்னவன் ஸ்கூலால வந்து பையைக்கூடக் கழட்டாமல் போய் எத்தினை எண்டு எண்ணுவான், நேற்று ஏழு. ஆனா வெளியில ஒண்டும் நடேலாது, மே மாதம் விக்டோரியா டே லாங் வீக்கெண்ட் வரைக்கும் இரவில உறைபனி விழும் எண்ட பயம் இருக்கு. அதால தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் இப்ப வீட்டுக்குள்ள ஜன்னலடியில லைட்டுக்குக் கீழ சின்னக் கப்புகளில. கறிவேப்பிலைக் கண்டு ஒக்டோபர் தொடக்கம் ஹோலுக்குள்ளதான் எங்களோட இருக்குது, வெளியில வைக்கேக்கயும் ஒரேயடியா வெய்யிலில வைக்கக்கூடாது, முதல் நாள் ஒரு மணித்தியாலம் நிழலில, பிறகு கொஞ்சம் கொஞ்சமாய்க் கூட்டவேணும், இல்லாட்டி இலை வெளிறிப்போம்.

அந்தக் குளிர் மாசங்களில நான் செய்யிறது கில்ட்தான். பக்கத்துத் தெருவில வயசான கனேடியப் பெண்கள் கிழமைக்கொருக்கா கூடித் தைக்கினம், அவையளோட இருந்து பழகினது. இஞ்சத்தைக் குளிருக்கு நடுவில பஞ்சு விரிப்பு வேணும், பாட்டிங் எண்டு விப்பினம், நான் காட்டனில எடுக்கிறனான். உங்களுக்கு அது தேவையில்லை, நூல்கண்டு சொன்னதுதான் சரி. ஆனா மிச்சச் சீலையளில சதுரம் சதுரமாய் வெட்டி ஒட்டுத்துணிப் போர்வை செய்ய ஆசையெண்டால் ஒரு விசயம் சொல்லுறன். பழைய சீலை மெதுமையாய் இருக்கும், கத்திரி வைக்க இழுபடும், சதுரம் சதுரமாய் வராது. எனக்கு முதல் கில்ட் அப்பிடித்தான் பிழைச்சது, மூலையள் ஒண்டோட ஒண்டு பொருந்தேல்ல, மூண்டு தரம் பிரிச்சனான். பிறகு அம்மா போனில சொன்னா, "ஏன் பிள்ளை, கஞ்சி போட்டுப் பாரன்" எண்டு. சோறு வடிச்ச கஞ்சியைத் தண்ணியாக்கி நனைச்சு, அரைவாசி காய்ஞ்சிருக்கேக்க அயன் பண்ணினால் துணி கடதாசி மாதிரி நிக்கும், நேராய் வெட்டலாம், தைச்சு முடிய ஒரு தரம் கழுவினால் கஞ்சி போயிடும். இதை அந்தக் கனேடிய அம்மாமாருக்கும் காட்டினன், இப்ப அவையும் சோத்துக் கஞ்சிதான் பாவிக்கினம்.

வேப்பம்பூ எண்டதைப் பாத்து வாயூறுது. உழுத்தம்மாவும் செத்தல் மிளகாயும் போட்டு வேப்பம்பூ வடகம் போடுவா அம்மம்மா, சுளகில காயேக்க காகத்தைக் கலைக்கிறது என்ர வேலை. உங்கட பிள்ளையளுக்கும் அந்த வேலையைக் குடுங்கோ.

---

முல்லைக்கொடி

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றிங்க. நாலு வாரம் ஆச்சு, பதில் சொல்லாம இருந்ததுக்கு மன்னிச்சுக்கோங்க, என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன்.

சாயக்காரண்ணன் சொன்ன மாதிரி அரக்குச் சுங்குடியை அலசினேன், ஆறாவது தண்ணியிலதான் தெளிஞ்சுச்சு. ஆனா அவசரத்துல பச்சை பார்டர் கோ-ஆப்டெக்ஸை ஒரு தடவையோட விட்டுட்டேன், அது பக்கத்துல இருந்த சந்தனக் கலர்ல ஒரு கையகலம் ஏறிருச்சு. மனசுக்கு ரொம்பக் கஷ்டமா போச்சு. அம்மா பாத்துட்டு "அது மேல ஒரு இலை மாதிரி துணி வெச்சுத் தைச்சுரு"ன்னாங்க. கண்டாங்கியோட சிவப்புக் கட்டத்துலேர்ந்து ஒரு துண்டு எடுத்துப் பூ மாதிரி வெச்சுட்டோம், இப்ப கறைதான் அந்தப் பூவுக்கு இலை.

அம்மாவுக்குத் தைக்கத் தெரியும்னே எனக்குத் தெரியாதுங்க. நாற்காலியில உக்காந்து மடியில ஒரு ஓரத்தைப் போட்டுக்கிட்டு ஊசியை எடுத்தாங்க பாருங்க, ஒரே தடவையில ஊசியில அஞ்சாறு தையல் கோத்து இழுக்கறாங்க, அரிசி அரிசியா ஒரே அளவு. பண்டு சாக்குத் தைச்ச கை, கடலை மூட்டைக்குன்னு சொன்னாங்க. பாப்பா தையல் ஒவ்வொன்னும் பயத்தங்காய் நீளம். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல போகுது, நூல்கண்டு அக்கா சொன்னதுக்காகப் பிரிக்கல. ஒவ்வொரு புடவைக்கும் அம்மா ஒரு கதை வெச்சிருக்காங்க, இது உங்க மாமன் கல்யாணத்துக்கு எடுத்தது, இது நீ வயித்துல இருக்கும்போது கட்டுனதுன்னு. பாப்பா அதையெல்லாம் ஒரு நோட்டுல நம்பர் போட்டு எழுதி வெச்சிருக்கா.

சிறுகீரை நாலாம் நாளே வந்துருச்சு, பையன் "அம்மா பச்சையா எதுவோ வந்துருச்சு"ன்னு மாடிப்படியில ரெண்டு ரெண்டா தாவி எறங்கி வந்தான். 23ஆம் நாள் புடுங்கி பாசிப்பருப்பு போட்டுக் கடைஞ்சோம், கீரைன்னாலே தட்டைத் தள்ளி விடறவன் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினான். வெந்தயம் மட்டும் வெயிலுக்குப் பாதி கருகிருச்சு, புடவை கட்டாத பக்கம் இருந்ததுதான் போச்சு, கட்டுன பக்கம் நல்லாருக்கு. வெண்டை முழங்கால் உசரம்.

வேப்பம்பூ ரெண்டு படி சேந்துச்சுங்க. வெடிகாலைல அஞ்சரைக்கு ரெண்டும் தானா எந்திரிச்சு ஓடுதுங்க. பையன் தலையில எல்லாம் பூ. சித்திரை ஒன்னுக்குப் பச்சடி வெச்சோம், பனிப்பூ அக்கா, வடகத்துக்கு அளவு சொன்னீங்கன்னா இந்த வெயில் போறதுக்குள்ள போட்டுருவேன்.

தூளிப் புடவைப் போர்வை முடியற நிலைமைக்கு வந்துருச்சு, இன்னும் நாலு வரிசைதான். அந்த வெள்ளைக் கோடு கரெக்டா அவன் கை படற இடத்துல வர்ற மாதிரி மடிச்சுட்டேன். முடியறதுக்கு முன்னாடியே எடுத்துப் போத்திட்டுத் தூங்கறான், காலைல எடுத்துத்தான் அடுத்த வரிசை போட வேண்டியிருக்கு, ஊசியைத் தினமும் எண்ணி எடுத்து வெக்கறேன். இப்ப ஒரே ஒரு சந்தேகம், நாலு மூலையும் மடிச்ச எடத்துல மொத்தமா திரண்டு நிக்குது, பாக்க நல்லால்ல. அதை என்ன பண்றது அக்கா?

---

நூல்கண்டு (ஹூப்ளி)

முல்லை, உங்கம்மா கையைப் பத்திப் படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு. சாக்குத் தைச்ச கைன்னா சும்மாவா, அவங்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

மூலையை வெட்டாதீங்க. இங்க உத்தர கன்னடா காட்டுப் பக்கம் சித்தின்னு ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகம் இருக்கு, அந்தப் பெண்கள் தைக்கிற கவந்தின்னு ஒரு போர்வை உண்டு, ஓரத்துலேர்ந்து சுத்திச் சுத்தி நடுவுக்குத் தைச்சுட்டு வருவாங்க, முடிக்கும்போது நாலு மூலைக்கும் சின்னச் சதுரத் துணியை முக்கோணமா மடிச்சு, மூணு நாலு அடுக்கா, பூ மாதிரி வெச்சுத் தைப்பாங்க. அது இல்லேன்னா போர்வை முடிஞ்சதாவே அவங்க கணக்குல கிடையாது. நீங்களும் அதைப் பண்ணுங்க, திரண்டு நிக்கிறது பூவுக்கு அடியில மறைஞ்சுரும், பிடிச்சு இழுக்கிற மூலைக்குப் பலமும் ஆச்சு. மூணு இன்ச் சதுரம், மூலைக்கு மூணு, மொத்தம் 12 துண்டு. மிச்சம் இருக்கிற பத்துப் புடவையிலயும் ஆளுக்கு ஒன்னு, பச்சை பார்டர்லேர்ந்து கூட ரெண்டு, நல்லா அலசிட்டு. எந்தத் துணி எந்த மூலைக்குன்னு பையனையே பொறுக்கச் சொல்லுங்க.

முடிச்சதும் முத தடவை தனியா அலசி, ரெண்டு கொடியில பாரம் பகிர்ற மாதிரி நிழல்ல போடுங்க, ஒத்தக் கொடியில போட்டா நடுவுல இழுத்துக்கும். வெண்டை விதை காயவிட்டா எனக்கு நாலு எடுத்து வைங்க.